என் சட்டையில் வந்த புகை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது முதலமடையில் ஒரு மாங்காய் மண்டியில் எனக்கு வேலை. அறையை அடைத்துப் புகை போட்டுக் காயைப் பழுக்க வைப்பது என் பொறுப்பு.

அந்த சீசனில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. மூச்சு எடுக்கத் தெரியவில்லை. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாரக்கணக்கில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பிழைத்தது. ஆனால் மூச்சு இழுப்பு நிற்கவில்லை.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "நாங்க குடுத்த ஆக்ஸிஜனே நுரையீரலைப் புண்ணாக்கிருச்சுப்பா. குடுக்காட்டி அன்னிக்கே போயிருக்கும். ஆற நாளாகும். புகை மட்டும் ஆகவே ஆகாது."

வீட்டுக்கு வந்ததும் விறகடுப்பை வெளியே மாற்றினேன். குளிப்பாட்டிய பின் சாம்பிராணி போடுவதையும் நிறுத்தினோம். இருந்தும் சாயங்காலமானால் குழந்தைக்கு நெஞ்சு குழி விழும். உதடு நீலமாகும்.

ஒருநாள் மனைவி சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க தூக்குனாத்தானுங்க இப்படி ஆகுது."

"ஏம் புள்ள, பெத்தவன் தூக்கக்கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அமாவாசைக்கு மண்டி லீவு. வேண்டுமென்றே பகல் முழுக்க நானே வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் இழுக்க ஆரம்பித்தது. மனைவி என் சட்டையைக் காட்டினாள். முகர்ந்து பார்த்தேன். மண்டிப் புகை. வருஷக்கணக்காக அதிலேயே கிடந்ததால் எனக்கு அந்த வாடை தெரிந்ததே இல்லை.

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இழுப்பு அடங்கும்வரை உள்ளே வரவில்லை.

மறுநாளே மொட்டை அடித்துக்கொண்டேன். முடியில் புகை தங்கக்கூடாது. மண்டியில் என்கூட வேலை செய்தவர் கேட்டார். "ஏனுங்க மாப்ளே, பழனிக்குப் போயிட்டு வந்தீங்க, பஞ்சாமிர்தம் எங்கீங்க?" சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். வேலைச் சட்டை மண்டி ஆணியிலேயே தொங்கும். கிணற்றடியில் குளித்து, வேறு சட்டை போட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

மெல்ல இழுப்பு குறைந்தது. மகளுக்கு இப்போதும் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். இருக்கிறாள். அது போதும்.

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. டாக்டரம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. புகை போடும் வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் யாராவது குழந்தையை நீட்டினால், வாங்குவதற்கு முன் என் சட்டையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.