கை நனைத்த வீடு

கூடத்தில் காலண்டர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. அடுப்படியில் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த பரிமளா அந்தச் சரசரப்பை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனியைத் தாண்டி, ஆடியைத் தாண்டி, தம்பி ஆவணிக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது. சத்தம் நின்றது.

"அக்கா, ஆவணியில மூணு முகூர்த்தம் இருக்கு. மொத முகூர்த்தமே தோதா இருக்கு. வீரமணிக்கு லீவு கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லு, மண்டபம் பாத்துடலாம்."

மகன் வீரமணி வேலை பார்க்கும் ஜப்பானிலிருந்து பரிமளா ஆண்டிமடம் திரும்பி ஒன்பது நாளாகிறது. "மாமாகிட்ட நானே பேசுறேம்மா" என்று மகன் சொன்னபோது, "வேணாம், என் தம்பிகிட்ட நாஞ்சொல்றதுதான் மொறை" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவள் அவள்தான். ஒன்பது நாளும் தினம் ஒருமுறை போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். இப்போது அவனே பூலாம்பாடியிலிருந்து மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

காப்பியை நீட்டினாள். தம்பி அறிவழகன் ஆற்றிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னாக்கா, போனப்ப இருந்ததுக்கு எளச்சுப் போய் வந்திருக்க? பச்ச மீனா குடுத்தான் ஒம் மவன்?"

"அங்கயும் நாந்தான் சமைச்சேன்."

"அதான பாத்தேன். சப்பானுக்கே போனாலும் கரண்டி ஒன்ன உடாது" என்று சிரித்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. வீரமணிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மஞ்சள் காமாலை அவள் புருசனைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடம்தான் அவள் உலகம். விடிந்தால் அரிசி, பருப்பு, நூற்றிருபது தட்டு. புகையில் கண் மங்கிப்போனது, நின்று நின்று முழங்கால் போனது. மற்றவர்கள் வயிறு நிறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அவளிடம், நீ உட்கார், உனக்கு நான் போடுகிறேன் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. தம்பி மட்டும் இல்லையென்றால் மகனும் முந்திரிக்காட்டுக் கூலிக்குத்தான் போயிருப்பான். மூன்று வருடம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, பெரம்பலூருக்கு பஸ் ஏற்றி, பாலிடெக்னிக் படிக்கவைத்தவன் அறிவழகன். அவன் மகள் நர்மதா வீரமணிக்குத்தான் என்று அப்போதே இரண்டு குடும்பமும் வாய்வார்த்தையாகப் பேசி வைத்துவிட்டது.

"தம்பி" என்றாள். "வீரமணி அங்க ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கான்."

அறிவழகனின் கை டம்ளரோடு நின்றது.

"பாத்து வச்சிருந்தா? வயசுப் பையன். நாலு நாள் சுத்துவான். நீ சரின்னியா?"

"நா ஒண்ணும் சொல்லல. ஆனா கை நனைச்சுட்டேன்."

அந்த ஒரு சொல்லில் தம்பியின் முகம் செத்துப்போனது. சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் அவர்கள் வகையறாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். பரிமளாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, பேச்சு முடியும்வரை வெயிலில் நா வறண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படிக்கா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நகோயாவிலிருந்து ஒரு மணி நேரம் ரயில். பழைய காலத்து வீடு ஒன்றைக் காப்பிக்கடையாக்கியிருக்கிறார்கள், பார்க்கலாம் என்றுதான் மகன் அழைத்துப் போனான். நூற்றைம்பது வருடத்து வீடாம். கறுத்த மரத்தூண்கள், காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகள், தரை முழுக்கப் பாயாகவே நெய்து பதித்திருந்தார்கள். வாசலில் கழற்றிவிட்ட செருப்பை ஓர் அம்மாள் குனிந்து, திரும்பிப் போகும்போது காலை நுழைக்க வசதியாகத் திருப்பி வைத்தாள். அதற்கே பரிமளா பதறிப்போனாள்.

"தரையிலதான் ஒக்காரணும். எனக்குத்தான் முட்டி மடங்காதே. சொவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தம்மா பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம உள்ள போயி ஒரு குட்டி ஸ்டூலத் தூக்கியாந்து போட்டுச்சு, முதுவுக்கு மெத்த வச்சுச்சு. பச்சையா ஒரு டீ, வேப்பிலய அரைச்ச மாதிரி கசப்பு. கூடவே நம்ம பூரணக் கொழுக்கட்ட மாதிரி ஒண்ணு. பாதி தின்னப்புறந்தான் இவன் வாயத் தொறக்குறான், 'அம்மா, இது நாங் கட்டிக்க ஆசப்படுற மிசாகி வூடு. அவங்க அவ அம்மா'ன்னு."

அறிவழகன் நீளமாக மூச்சு விட்டான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அட நீ ஒண்ணு, பயமுறுத்திட்ட! சொன்னா திங்கமாட்டேன்னு தெரிஞ்சு ஏமாத்திருக்கான் பய. கடைன்னு நெனச்சுத்தான தின்ன? அரியலூரு பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறோம், அதுக்காக டீக்கடக்காரன் சம்பந்தியா? தெரியாமத் தின்னது செல்லாது. ஒடம்பொறந்தான் நா சொல்றேன், செல்லாது. அவனுக்குப் போனப் போடு. அம்மாவுக்குத் தெரியாம நடந்துபோச்சு, அவ்ளோதான்னு சொல்லு."

எவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைக்கிறான்! ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தம்பி உறவும் நிலைக்கும், நர்மதாவும் மருமகளாக வருவாள், ஊர் வாயும் அடங்கும். மகன் ஒருவன்தான் உடைவான். பரிமளாவுக்கு உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. பொய் சொல்வதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"மொதக் கோப்பை தெரியாமக் குடிச்சேன், தம்பி. ரெண்டாவது நானே கேட்டு வாங்குனேன்."

"என்னா சொல்ற?"

"அவன் சொன்னதும் கை அப்படியே நின்னுபோச்சு. எந்திரிச்சு வந்துடணும்னுதான் நெனச்சேன். பழக்க தோசம், எச்சிக் கோப்பையத் தூக்கிக்கிட்டு கழுவ எடம் தேடுனேன். அந்தம்மா ஓடியாந்து கையிலேருந்து வாங்கிருச்சு. தோளப் புடிச்சு மறுபடி ஒக்கார வச்சுச்சு. எம் முட்டியத் தொட்டுக் காட்டி, தன் முட்டியயும் தொட்டுக் காட்டிச்சு. அதுக்கும் வலியாம். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்ப எனக்கு அழுவ வந்துருச்சு, தம்பி. எத்தன வருசம் ஆச்சு ஒருத்தர் எங்கையிலேருந்து பாத்தரத்த வாங்கி! இன்னொரு கோப்ப குடுன்னு வெரலக் காட்டிக் கேட்டேன். தெரிஞ்சுதான் கேட்டேன்."

அறிவழகன் எழுந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"மூணு வருசம் எம் பொண்டாட்டி அவனுக்குச் சோறு கட்டிக் குடுத்தா. அதெல்லாம் மறந்துபோச்சு. எவளோ ஊத்துன கசப்புத் தண்ணி மட்டும் நெஞ்சுல நிக்குது."

"மறக்கல."

"மறக்காமதான் இதச் செஞ்சியாக்கும்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் வாசலில் செருப்பை மாட்டினான். வார் மடிந்துபோய்க் கால் நுழையாமல் இரண்டு முறை உதறினான். முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"நர்மதாகிட்ட யாரு சொல்றது? நா சொல்லமாட்டேன். புடவ கலர்லாம் பாத்து வச்சிருக்கு அது."

"நானே வந்து சொல்றேன். ஞாயித்துக்கெழம வரேன்."

"வா. ஆனா பஸ் ஸ்டாப்புல நா வந்து நிக்கமாட்டேன். ஆட்டோ புடிச்சு வந்துக்க."

இருபது வருடத்தில் அவள் பூலாம்பாடியில் இறங்கி, தம்பி வண்டியோடு நிற்காத நாள் ஒன்றுகூட இல்லை.

"சரி தம்பி."

வண்டி இரண்டு உதையில் கிளம்பாமல் மூன்றாவதில் கிளம்பியது. அவன் திரும்பிப் பார்ப்பான் என்று தெரு முனைவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கவில்லை. பரிமளா நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே திரும்பி, கதவைச் சாத்தினாள்.