ஜப்பான் செட்டு கேட்ட கேள்வி

மகளே, மகனே, நம்ம காரில் பாட்டுப் போட்டால் முதலில் மழைச் சத்தம்தான் வருகிறது. அது ஏன் என்று நீங்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உங்கள் அம்மா புகுந்து கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைபோனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள். அதில் ஒரு மெமரி சிப். விரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்குள் அவள் வருசக்கணக்காகச் சேர்த்த பாட்டுகள். காசு கொடுத்து ஏற்றிய பாட்டுகள் போனால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அவளே பதிந்து வைத்தவையும் அதற்குள் இருந்தன. கோயில் பஜனை இருந்தது. கூட வேலை செய்யும் பெண்கள் மழையில் ஒதுங்கி நின்று பாடிய பாட்டு இருந்தது. மகளே, நீ பேச்சு வராத வயதில் ராகம் இழுத்ததும் இருந்தது.

ஒரு அடைமழையில் அந்தக் கைபோனுக்குள் தண்ணீர் போய்விட்டது. போன் செத்தது, சிப் பிழைத்தது. என்னுடைய பட்டன் போனில் போட்டுப் பார்த்தோம், அது ஏற்கவில்லை. கடையில் கொடுக்கலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து லய வரிசை வீட்டு அக்கா ஒரு கடையில் கொடுத்த சிப் வெறுமையாகத் திரும்பி வந்திருந்தது. அந்தப் பயம்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கார் நம்மிடம் வந்தது. ஜப்பானில் ஓடிய பழைய கார். அதில் பொருத்தியிருந்த பாட்டுச் செட்டில் எல்லாமே ஜப்பான் எழுத்து. சாவியைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். மகளே, நீ உடனே கைகூப்பி, "வணக்கம் அத்தை" என்பாய்.

செட்டில் சிப் போட ஒரு வாய் இருந்தது. உங்கள் அம்மா காதுத்தோட்டுப் பெட்டியிலிருந்து சிப்பை எடுத்து வந்து, சாமி கும்பிட்டுவிட்டுக் கொடுத்தாள். போட்டேன். பாட்டு வரவில்லை. திரையில் இரண்டு வரி எழுத்து வந்தது. அதன் கீழே இரண்டு கட்டங்கள்.

"என்னமோ கேக்குது புள்ள," என்றேன்.

"என்ன கேக்குது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க இருக்கேன்? ஜப்பான்ல இல்ல இருப்பேன்."

பக்கத்தில் வேன் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். அவரும் என்னைப் போல வாடகைக்கு ஹயர் ஓடுகிறவர். "இடது பக்கம் அமுக்கு தம்பி. எல்லா மெசினுக்கும் இடதுதான் ஆமாங்கிறது. பாட்டுப் போடவான்னு கேக்குது, போடுன்னு சொல்லு."

என் விரல் கிட்டப் போய்விட்டது. அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து கிள்ளுகிற கை அல்லவா, பிடித்தால் வலிக்கும்.

"கைய எடுங்க. என்ன கேக்குதுன்னு தெரியாம ஆமான்னு சொல்லுவீங்களா?"

"அப்ப இல்லைன்னு சொல்லவா?"

"அதுவும் வேணாம். சிப்ப எடுங்க."

எனக்குக் கோபம். அந்த அண்ணன், "வீட்டு அம்மாவ மீறி பட்டன் அமுக்க முடியுமா," என்று சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை சிப்பைப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் சிப்பை உருவித் தன் சின்னப் பர்ஸில் போட்டுக்கொள்வாள். வீட்டில் வைத்துவிட்டு வரக்கூட மனமில்லை.

அந்த மலையேறும் சீசனுக்கு உங்கள் சித்தி அடிவாரத்தில், நல்லதண்ணி ஊரில் வடைக்கடை போட்டிருந்தாள். அவளுக்கு மாவும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஒரு காலையில் எல்லோரும் போனோம். சிவனொளிபாத மலை ஏறியவர்கள் காலை நொண்டிக்கொண்டு இறங்கி வரும் நேரம். சாமான் இறக்கிவிட்டுக் காரைத் தள்ளி நிறுத்தலாம் என்று சாவியைத் திருப்பினேன். வழக்கம்போல அந்தக் குரல் பேசியது.

நொண்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைத் தொப்பி அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஐம்பது வயது இருக்கும். காரையும் என்னையும் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "ஜப்பான்!" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா பர்ஸைத் திறந்துவிட்டாள்.

"போடுங்க, போடுங்க. அவங்க போயிடப் போறாங்க."

சிப்பைப் போட்டேன். கேள்வி வந்தது. அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். நான், அண்ணன் சொல்லித்தந்த பாடம்தானே, இடது கட்டத்தைக் காட்டி, "ஓகே?" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி போலக் காட்டினார். "நோ! நோ! ஆல் மியூசிக், ஃபினிஷ்!" என்று உள்ளங்கையை ஊதியும் காட்டினார். இந்தச் சிப்பை என்னால் வாசிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கட்டுமா? செட்டு இவ்வளவு நாளும் கேட்டது அதைத்தான்.

உங்கள் அம்மா என்னைத் திட்டவில்லை. என் மணிக்கட்டை மட்டும் பார்த்தாள்.

அந்த அம்மா வலது கட்டத்தைத் தொட்டார். கேள்வி மறைந்தது. பிறகு முன்பக்கப் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு மூலையில் பென் டிரைவ் சொருகுகிற ஓட்டையைக் காட்டினார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நீ அத்தைக்கு வணக்கம் சொல்வதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையாலும் கொஞ்சம் இங்கிலீசாலும் அவர் விளக்கியபடி, அந்தக் குரல் வணக்கமெல்லாம் சொல்லவில்லையாம். ரோட்டுக்குக் காசு கட்டுகிற கார்டு போடவில்லை என்றுதான் தினமும் முறைப்பாடு செய்ததாம். சித்தி அவருக்குச் சூடாக இரண்டு வடையும் பிளேன்டீயும் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குப் போய்ப் புதுப் பென் ஒன்று வாங்கினோம். இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. "தம்பி, சிப்புல எதையும் அமுக்காதீங்க. உள்ள இருக்கிறத இந்தப் பென்னுக்கு ஏத்துங்க, அவ்வளவுதான். அழிக்கவான்னு கேட்டா என்னக் கூப்பிடுங்க." முடியும் வரை அந்தப் பையனின் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள்.

பென்னைக் காரில் சொருகினேன். பாட்டின் பெயர்கள் தமிழில் இருந்ததால் திரையில் வெறும் சதுரம் சதுரமாக வந்தன. எது எந்தப் பாட்டு என்று தெரியவில்லை. முதல் சதுரத்தைத் தொட்டேன்.

மழைச் சத்தம் வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் உடம்பைச் சுற்றிக் கட்டும் ரெட்டில் மழை சடசடவென்று விழுகிற சத்தம். பிறகு, "அடியே, போன நனைச்சிடாத," என்று ஒரு பெண் குரல். சிரிப்பு. அதன் பிறகுதான் பாட்டு. உங்கள் அம்மாவின் குரல் முதலில் எழும்பியது, மற்றவர்கள் பின்னால் சேர்ந்தார்கள்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "சத்தத்தக் கூட்டுங்க," என்றாள்.

எந்தப் பட்டன் என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டேன்.