போயிட்டு வாரேனுங்க

வசந்தாமணியக்காவுக்குப் போனை வைக்கத் தெரியாது. பேசி முடித்ததும் ஊரில் எல்லாரும் "வெச்சர்றனுங்க" என்பார்கள். அக்கா மட்டும் விருந்து சாப்பிட்டுவிட்டுப் படியிறங்குகிறவள் மாதிரி "போயிட்டு வாரேனுங்க சாமி" என்பாள். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாலும் அதேதான்.

"எங்கீங்கக்கா போயிட்டு வாரீங்க?" என்று நாங்கள் கேலி செய்வோம்.

"பின்ன, வெச்சர்றேன்னு மூஞ்சியில அடிச்சாப்பல சொல்லச் சொல்றியா?" என்பாள்.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவது எங்கள் வேலை. லாரி ஓட்டப் போன புருஷன் வடக்கே எங்கோ இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டதும், அக்கா மகள் தனப்பிரியாவோடு ராசிபுரத்திலிருந்து இங்கே வந்துவிட்டாள். பண்ணைக்குள்ளேயே ஒரு வீடு கொடுத்தார்கள். வேலை போனால் வீடும் போகும். தனப்பிரியா பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

போன கோடையில் கோழிகள் கூடை கூடையாகச் செத்தன. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டியதை, முதலாளி குணசீலன் மூட்டை கட்டிப் பாழுங்கிணற்றில் தள்ளச் சொன்னார். அதன் பக்கத்தில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் போர். தண்ணீர் நாறியது, குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம், வாயையும் சேர்த்துத்தான்.

யாரோ ஒருவர் மட்டும் பொத்தவில்லை. அரசாங்கப் புகார் எண்ணுக்குப் போன் போயிருந்தது. அதிகாரிகள் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சின் பதிவு குணசீலனின் வாட்ஸப்புக்கு வந்துவிட்டது. பெயர் வெளியே வராது என்று சொல்லி வாங்கிய புகார் அது! அனுப்பிய புண்ணியவான் யார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

டீ குடிக்கிற நேரத்தில் குணசீலன் எங்கள் நடுவில் நின்று அதைச் சத்தமாகப் போட்டார். யாரோ ஒரு டீக்கடைக்காரரின் போனை அவசரமென்று வாங்கிப் பேசியிருக்கிறார்களாம். வாயில் சேலைத் தலைப்பை வைத்த குரல்.

"கெணத்துல செத்த கோழியப் போடறாங்க சாமி. பச்சப் புள்ளைங்க அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுங்க. பேரு கேக்காதீங்க." கடைசியில், "போயிட்டு வாரேனுங்க சாமி."

அக்காதான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யார் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குணசீலன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையும் திரும்பவில்லை. அக்கா அவருக்கு ஒரு நாளும் போன் செய்ததில்லை, அதனால் அவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு ஒவ்வொருத்தரா எனக்குப் போன் பண்ணி முட்டைக் கணக்குச் சொல்லோணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நாங்கள் சேர்ந்து உட்காரவில்லை. எங்களோடு முட்டை எடுக்கும் பாவாயியின் மகன் முதலாளிக்குக் கார் ஓட்டுகிறவன், அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி எச்சரிக்கலாம் என்று அவள் வீட்டுப் பக்கம் போனேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். யாராவது பார்த்தால் என்னாவது என்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் கணக்கைச் சொன்னேன். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "போயிட்டு வாரேனுங்க சாமி" என்று சொல்லி முடித்தேன். ஆளைக் குழப்பிவிட்டால் அக்கா தப்பித்துக்கொள்வாள் என்றுதான்.

மத்தியானம் பாவாயி என் காதோரம் வந்தாள். "நான் என்ன சொல்லி வெச்சேன் தெரியுமா? போயிட்டு வாரேனுங்கன்னு."

"நீயுமா?" என்றேன்.

பின்னால் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஜோதியும் கந்தம்மாளும் சிரித்தார்கள். அவர்களும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தியை ஒருத்தி நம்பாமல், எல்லாரும் அதையே சொல்லியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவிகளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் பயந்துக்கிட்டு வெச்சர்றனுங்கன்னு சொல்லிப்போட்டனே!"

பண்ணையிலேயே அவள் ஒருத்திதான் அப்படிச் சொல்லியிருந்தாள். குணசீலனுக்கு அது போதும்.

சாயங்காலமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தனப்பிரியா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டாள், அக்கா பாத்திரச் சாக்கைத் தூக்கிக்கொண்டாள். குணசீலன் கேட்டருகே நின்றார். நாங்கள் கொட்டகை ஓரமாக நின்றோம். அக்கா கேட்டைத் தாண்டியதும் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இந்தமுறை வாயில் தலைப்பை வைக்கவில்லை.

"போயிட்டு வாரேனுங்க சாமி," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

கிளம்புகிறவர்கள் அப்படிச் சொன்னால் "வாங்க" என்று பதில் சொல்வதுதான் எங்கள் பக்கத்து முறை. எதிரிக்குக்கூடச் சொல்வோம். குணசீலன் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தியும் சொல்லவில்லை.