தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. சித்தப்பா எனக்குக் காலங்காலமாகச் சொல்லிவந்த ஒரு பகிடியை இனிமேல் சொல்லக்கூடாது என்று அம்மா தடுத்தார்.

2. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாதபோது அப்பா, அம்மா, நான் மூவரும் ஒன்றாக வைத்தியரிடம் போனோம்.

3. அப்பா அளவுநாடாவால் என் அறையை அளந்தார். எதற்கென்று கேட்டால் "சும்மா" என்றார். அப்பா ரயில்வேயில் பொறியியலாளர். சும்மா எதையும் அளக்கிறவர் அல்லர்.

4. என் உடுப்புகளில் நல்லவையாகப் பார்த்து அம்மா தோய்த்து, மடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் வைத்தார்.

5. வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்தப் பிள்ளையின் பயணத்தை ஆசீர்வதியும்" என்று ஜெபித்தார். எங்கள் வீட்டில் இருந்த பிள்ளை நான் ஒருத்திதான்.

6. என்னைக் கொண்டுபோக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார்.

ஆறாவதில் அவர் வந்தது மட்டும் நடந்தது. எதற்கு வந்தார் என்பது என் ஊகம். ஆனால் முதல் ஐந்தையும் அடுக்கிவைத்துப் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளை வேறு எந்த முடிவுக்கு வந்திருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இப்போது நான் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இதைவிடக் குறைந்த சான்றோடு முடிவுக்கு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் இங்கே வந்தவள். ஊரைப் பற்றி எனக்கு நினைவிருப்பதெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். என் குழந்தைப் பருவத்துப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அல்பம் ஊரில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அதுவரை அதை நம்பியிருந்தேன்.

அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். முன் அறைச் சோபாவில் படுத்து, காலையில் தொழிற்சாலைக்குப் போவார். மாலையில் சப்பாத்தைக் கழற்றும்போதே குரல் கொடுப்பார்.

"எங்க எங்கட தவிட்டுப் பிள்ளை?"

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லோரையும் யாரோ ஒருவரிடம் தவிட்டுக்குத்தான் வாங்கியிருப்பார்கள். என் கதையைச் சித்தப்பா கொஞ்சம் கூடுதலாகக் கட்டியிருந்தார். சாவகச்சேரிச் சந்தையில் ஒரு கிழவனிடம் ஒரு பனையோலைக் கடகம் நிறையத் தவிடு கொடுத்து என்னை வாங்கினார்களாம். "அது மாட்டுக்கு வச்சிருந்த தவிடு. அந்த மாடு இண்டைக்கும் எங்களோட கோவம்" என்பார். நான் கத்துவேன், அம்மா சிரிப்பார், பிறகு எல்லோரும் சாப்பிடப் போவோம். எத்தனை முறை கேட்டாலும் நான் அதை நம்பியதில்லை. அம்மாவின் சிரிப்பு இருக்கும்வரை நம்பத் தேவை இருக்கவில்லை.

ஒருநாள் அம்மா சிரிக்கவில்லை. குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தார்.

"தம்பி, இந்தக் கதை இண்டையோட சரி. இனி இந்த வீட்டில அதைக் கதைக்கக்கூடாது."

"என்ன அண்ணி, இவ்வளவு நாளும் நீங்களும் சிரிச்சனீங்கள்தானே?"

"சிரிச்சது காணும்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் கோப்பையைப் பார்த்தார். அன்றிரவு கட்டிலில் கிடந்து யோசித்தேன். பொய்யை யார் தடைசெய்வார்கள்? பல்லி சாப்பிட்டால் பல் விழும் என்றும் சித்தப்பா சொல்லுவார். அதை யாரும் தடுக்கவில்லை. எனவே இது உண்மையாக இருக்க வேண்டும். அதன்பின் வைத்தியர், அளவுநாடா, பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது எனக்கு ஆச்சரியம் குறைந்துகொண்டே போனது. கிழவன் மனம் மாறிவிட்டான். தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கேட்கிறான். இவர்களும் மறுக்க முடியாமல் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அம்மா வழமையைவிட அதிகமாக என் தலையைத் தடவினார். அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்மணி வந்த சனிக்கிழமை காலையிலேயே வீடு பரபரத்தது. போதகர் வீடு சந்திக்க வரும்போது செய்வதுபோல அம்மா பற்றிஸும் ரோல்ஸும் பொரித்தார். பிறகு என்ன உடுத்துவது என்று அப்பாவோடு வாக்குவாதம்.

"சீலை உடுத்தால், இவை நாளைக்கு ஊருக்குத் திரும்பிப் போற ஆக்கள் எண்டு நினைப்பினம்."

"கவுண் போட்டா நடிக்கிறம் எண்டு நினைப்பினம். சீலையையே உடும்."

சித்தப்பாவை ரயிலேறி எங்கேயாவது போகச் சொன்னார்கள்.

"ஏன், நான் என்ன கள்ளனே?"

"வாயைத் திறக்காமல் இருப்பாய் எண்டால் நில்" என்றார் அப்பா.

"அப்ப நான் போட்டு வாறன்."

அரசாங்கத் திணைக்களத்திலிருந்து வந்த பெண்மணி உயரமானவர். மெல்லிய குரல். ஒரு பற்றிஸை எடுத்துக் கடிக்காமல் தட்டில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, கட்டிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னைத் திருப்பிக் கொண்டுபோக."

"எங்கே?"

எதையும் ஒளித்துப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. சந்தை, கிழவன், கடகம் எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன். தவிட்டுக்கு ஆங்கிலம் தெரியாததால், மாட்டுத் தீனி கொடுத்து என்னை வாங்கினார்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். சித்தப்பா என்றேன். இனிமேல் அதை என்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா அவரைத் தடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உதவியாக இருக்கட்டும் என்று பெட்டியையும் காட்டினேன்.

அவர் பேனாவை மூடினார். என் கையைப் பிடித்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே அப்பாவிடம் கேட்டார்:

"இந்தப் பிள்ளை உங்களுக்குப் பிறந்ததா? அல்லது யாரிடமாவது வாங்கினீர்களா?"

அம்மா அப்படி வெளிறியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பா எழுந்துபோய் என் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெண்மணி அதைப் படித்தார், முகம் இளகவில்லை. தாயே தடைசெய்யும் அளவுக்கு அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அது ஒரு பகிடி என்றார் அப்பா. பிள்ளையை வாங்கியதாகச் சொல்வது என்ன வகையான பகிடி என்று கேட்டார் அவர்.

அப்போது குசினி வாசலில் ஒரு சத்தம். ரோல்ஸ் வாசத்தை விட்டுப்போக மனமில்லாத சித்தப்பா பின்கதவால் திரும்பி வந்திருந்தார். கையில் பாதி ரோல்ஸ்.

"என்னையும்தான் தவிட்டுக்கு வாங்கினவை" என்றார் ஆங்கிலத்தில். "அண்ணனையும்தான். இவரை நல்ல தவிட்டுக்குக்கூட இல்லை, உமிக்கு."

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். "ஓம். என் அம்மா எனக்கு அப்படித்தான் சொன்னவர்."

"என்னைக் கருவாட்டுக்காரியிடம் வாங்கியதாகச் சொல்வார்கள்" என்றார் அம்மா தாழ்ந்த குரலில்.

பெண்மணி ஒவ்வொருவராக மூவரையும் பார்த்தார். பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார். "இலங்கையிலிருந்து வரப்போகும் சிறுமிக்கும் இதைச் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அம்மா உடனே. "அதனால்தான் நிறுத்தினேன். பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் இதைச் சொல்லிச் சிரிக்கலாம். அந்தப் பிள்ளையின் காதில் இது விழக்கூடாது."

எந்தச் சிறுமி என்று நான் கேட்டேன். பெண்மணிக்கு வேண்டிய பதில் அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிட்டது. வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லாமல் இன்னொரு பிள்ளையைக் கொண்டுவர அனுமதி எழுத முடியாது என்றார். முதலில் உங்கள் மகளிடம் பேசுங்கள், பிறகு மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பற்றிஸைக் கடிக்காமலே போனார்.

என்னிடம் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பின் அம்மாவின் வயிற்றில் இரண்டு தடவை பிள்ளை தங்கியதாம். இரண்டு தடவையும் ஆலயத்தில் எல்லோருக்கும் சொன்னார், இரண்டும் நிலைக்கவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், கண்ணூறை நம்புவதில்லை. ஆனாலும் அதன்பின் எதுவும் நிச்சயமாகும்வரை அம்மா வாய் திறப்பதில்லை; ஜெபத்தில்கூட 'அந்தப் பிள்ளை' என்பதற்குமேல் போனதில்லை. ஞாயிறு பள்ளியில் எல்லாவற்றையும் ஒப்புவிக்கும் என்னிடம் சொல்வது எல்லோருக்கும் சொல்வதற்குச் சமம்.

அன்று பின்னேரம் அம்மா பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாம் எனக்குச் சிறுத்துப்போன சட்டைகள்.

"உனக்கு ஒரு தங்கச்சி வரப்போறாள். நாலு வயசு. தாய் தேப்பன் இல்லாத பிள்ளை."

"அப்ப நான் போகேல்லையா?"

"நீ எங்கயடி போறது? உன்னைப் பெத்த நோ இன்னும் என்ர இடுப்பில கிடக்கு."

அதைவிட எனக்கு வேறு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. மிச்சமிருந்த ரோல்ஸ் முழுவதையும் நானும் சித்தப்பாவும் சாப்பிட்டு முடித்தோம். பெண்மணி மறுபடி வந்தபோது, அப்பா அளந்த அறையில் தங்கச்சி எந்தப் பக்கத்தில் படுப்பாள் என்று நானே காட்டினேன். வைத்தியர் எங்கள் மூவருக்கும் எழுதித் தந்த சான்றிதழ்களையும் பார்த்து அனுமதி தந்தார்கள். அம்மா இலங்கைக்குப் போய், மலைநாட்டில் ஒரு சபை நடத்திய சிறுவர் இல்லத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தார். விமான நிலையத்தில் அவள் அழவில்லை. காருக்குள் ஏற மாட்டேன் என்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். களைப்பு என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விளங்காமல் போன ஒன்று உண்டு. பிள்ளையை வாங்கினீர்களா என்ற கேள்வி எங்கள் முன் அறையில் ஒரே ஒருமுறை கேட்கப்பட்டது. அது என்னைப் பற்றிக் கேட்கப்பட்டது. கொடுத்தது யார், அவர்கள் அறிந்து கொடுத்தார்களா என்று அவளைப் பற்றி அந்தப் பெண்மணியும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை, ஜெபத்தில் அம்மாவும் கேட்கவில்லை. இல்லத்தில் அநாதை என்றார்கள். எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது.

தங்கைக்கு இப்போது இருபது வயது. எங்களோடுதான் இருக்கிறாள், ஆசிரியப் பயிற்சிக்குப் படிக்கிறாள். அந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெண் வந்து தன்னை மடியில் வைத்துச் சீப்பால் தலை இழுத்துவிடுவாள் என்பது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் நினைவில்லை. இல்லம் மூடப்பட்டுவிட்டது. போன மாதம் அவள் அந்தச் சபைக்கு எழுதி, அது யார் என்று கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.