தெல்ஃபினா காவல் காத்த குன்று

தெல்ஃபினா ஆர்சே முட்டை வாங்கும்போது ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்ப்பாள். பாதிரியார் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், "இப்ப எதுக்கு இவரு சிரிச்சாரு?" என்று என்னைக் கேட்பாள். மெக்சிகோ எல்லைக்கு வடக்கே, சான் ஹுவானில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு.

அவள் முதல்நாள் பள்ளிக்கூடம் போனபோது தாய் சொல்லி அனுப்பியது இது: "யாராச்சும் கேட்டா மெக்சிகோக்காரங்கன்னு சொல்லு. அஹாச்சமென்னு வாயத் திறக்காத." அஹாச்சமென் என்பது, வெள்ளைக்காரர் வருமுன்பே அந்த மண்ணில் இருந்த எங்கள் பழங்குடியின் பெயர். வீட்டுக்குள் ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். அப்படி வளர்ந்தவளுக்கு, யார் எதைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. பல சமயம் அப்படித்தான் இருந்தது.

ஐம்பது வயதுக்கு மேல் அவள் குணத்துக்குத் தோதான வேலை வந்தது. குன்றுகளை வெட்டி வீடு கட்டும் இடங்களில், மண்ணுக்குள் எங்கள் முன்னோர் கிடக்கிறார்களா என்று பார்க்க எங்கள் சனத்தில் ஒருவர் நிற்பது வழக்கம். தெல்ஃபினா தலைக்கவசத்தோடு புல்டோசருக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "நீங்க சாப்பிட்டு வாங்கம்மா" என்று ஓட்டுநர் சொன்னால், அன்று முழுக்க எழுந்திருக்கவே மாட்டாள்.

ஒரு இலையுதிர் காலத்தில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் எலும்புகள் தெரிந்தன, கூடவே சிப்பி மணிகளும். வேலை நின்றது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றில் அவர்களை மணிகளோடு மறுபடி அடக்கம் செய்தோம். புகை போட்டோம், பழைய பாட்டுப் பாடினோம், கல் எதுவும் நடவில்லை. இடம் தெரிந்தவர்கள் சிலர்தான். அதில் ஒருவன் தாச்சோ, தெல்ஃபினாவின் சித்தப்பா மகன். அப்போது எங்கள் சனம், யார் தலைமை என்ற சண்டையில், இரண்டு சபையாகப் பிரிந்து கிடந்தது. அவள் ஒன்றில், அவன் மற்றதில். போதாததற்கு, அந்தக் கட்டடக் கம்பெனியிலேயே அவன் தண்ணீர் லாரி ஓட்டப் போனான்.

மழை விட்டபின் குன்றுக்குப் போய்வந்தவள் நேரே என் அடுப்படிக்கு வந்தாள்.

"மண்ணைக் கிளறியிருக்கான்."

"யாரு?"

"வேற யாரு. மணியை வாங்க ஆளா இல்ல ஊர்ல?"

"பாத்தியா நீ?"

"பாக்கணுமா? லாரி ஓட்டுறவன் வண்டிக்குள்ள மண்வெட்டி எதுக்கு வச்சிருக்கான்?"

போலீசுக்குப் போக மறுத்தாள். போனால் இடத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

தாச்சோவின் பேத்தியின் ஞானஸ்நான விருந்தில், தெல்ஃபினா தட்டில் வைத்த சோளமாவுத் தமாலேயைத் தொடாமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, என் கையிலயா சாப்பாடு இருக்கு?"

"நகத்துல மண்ணு இருக்கு."

"தோட்ட வேலை."

"உன் வீட்டுல தோட்டம் ஏதுடா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குத் தாச்சோ வரவில்லை. பாதிப் பூசையில் தெல்ஃபினா என் முழங்கையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிவந்தாள். என் காரில்தான் போனோம். குன்றின் மேல், குனிந்தபடி, கையில் மண்வெட்டியோடு நின்றான் அவன்.

"அதக் கீழ போடு," என்றாள்.

போட்டான். விரலெல்லாம் முள். பக்கத்தில் கோணிச் சாக்கு நிறையச் சப்பாத்திக் கள்ளித் துண்டுகள். அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி வரிசையாக நட்டிருந்தான்.

"யாருக்கு இந்த வேலி?"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"எலும்பத் தோண்டி ஆராயுற யுனிவர்சிட்டி ஆளுங்களோட உக்காந்து காப்பி குடிச்சல்ல. நீ எடத்தக் காட்டிருவன்னு நெனச்சேன்."

"அந்தக் காப்பிய மோந்து பாத்துட்டு அப்படியே வச்சுட்டு வந்தேன்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. தெல்ஃபினா ஒரு கள்ளியைப் பிடுங்கி, குழிக்குள் விரல் விட்டு ஆழம் பார்த்தாள். மேல் மண்தான் கிளறியிருந்தது, கீழே தொடவில்லை. இன்னொன்றையும் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் அவளே திருப்பி நட்டாள். கட்டைவிரலில் முள் ஏறி ரத்தம் வந்தது.

"இந்தப் பக்கம் சந்து விட்டிருக்க. ஆள் நுழைவான்," என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சாக்கு காலியாகும்வரை இருவரும் நட்டார்கள்.

சபைகள் ஒன்றாகவில்லை. ஆனால் கோடையில் இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லாமல், தனித்தனியாகத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அவன் சரியாக ஊற்றினானா என்று இவள் போய்ப் பார்ப்பாள். இவள் பார்த்ததை அவன் போய்ப் பார்ப்பான்.

சில வருடம் கழித்து யாரோ மண்வெட்டியோடு ஏறி வந்து, இடுப்புயரக் கள்ளியில் மாட்டி, கிழிந்த சட்டைத் துணியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தெல்ஃபினா அந்தத் துணியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். காட்டிவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் கணவரின் சட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.