மட்டுவிலில் 'உவன்' வந்த மழை

இருபது வருடங்கள் மழையைப் பற்றி அறிக்கை எழுதினேன். கொழும்பில் எனக்கு மேலே இருந்தவர்கள் ஒன்றையும் படிக்கவில்லை. படிக்காதவர்களுக்குத்தான் பதவி உயர்வும் வந்தது. அதை நான் மறக்கவில்லை. வேலையை விட்டபின், ஓர் எல் நினோ ஆண்டின் நவம்பர் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்து மாரியை நேரில் பார்க்கவேண்டும் என்று கிளம்பினேன்.

காலை ரயிலில் போய்ச் சாவகச்சேரியில் இறங்கினேன். மட்டுவிலுக்கு ஓட்டோ 500 ரூபாய். என் குடையைப் பார்த்து ஓட்டோக்காரர் சிரித்தார். "உது வெயிலுக்குத்தான் ஐயா. வானத்துக்கு எங்களோடை கோவம்."

மட்டுவிலில் என் சித்தியின் மகள் ரதியும் கணவர் நேசனும் புழுதி விதைப்புச் செய்திருந்தார்கள். காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது அது. ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு தூறல் விழுந்து பாதி முளைத்தது. பிறகு வெறும் வெயில். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் நேசன் கேட்டார்.

"மச்சான், நாளைக்கு உழவு மிசின் வருது. திரும்ப உழுது விதைக்கவோ, பொறுக்கவோ? உங்கடை படிப்பு என்ன சொல்லுது?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பசிபிக் கடலின் நடுப்பகுதி சூடேறினால் காற்றோட்டம் இடம் மாறும், நமக்கு மாரி மழை பெரும்பாலும் கூடும் என்றேன். அந்தச் சூட்டுக்குப் பெயர் எல் நினோ, ஸ்பானிய மொழியில் பையன். அந்தக் கடல் குளிர்ந்தால் லா நினா, சிறுமி, மழை குறையலாம்.

"ஆர் உவன்?" என்றாள் ரதி. "ஊர்ப் பெடியள் போதாதெண்டு கடலிலையும் ஒருத்தனோ?"

"உவன்ரை குடும்பக் கதையை விடு. வருவானோ, மாட்டானோ?" என்றார் நேசன்.

"உவன் சத்தியம் பண்ணமாட்டான், நேசன். ஆனா இந்து சமுத்திரமும் இந்த முறை ஆபிரிக்காப் பக்கம் சூடாக் கிடக்கு, அதுவும் எங்களுக்கு நல்லது. கிழக்கை நோக்கி நகருற பெரிய மேகக் கூட்டம் ஒண்டும் இஞ்சாலை வருது. இப்ப விதைச்சா வெள்ளம் அள்ளிக்கொண்டு போகும். ஒரு கிழமை பொறுங்கோ."

உவன்! யாழ்ப்பாணப் பேச்சில் இவனுக்கும் அவனுக்கும் நடுவில் நிற்பவன். இவன் என்று சொல்ல அருகில் இல்லை. அவன் என்று தள்ளிவைக்கவும் முடியாது. பசிபிக் கடலை இதைவிடச் சரியாக என் அறிக்கை எதுவும் சொன்னதில்லை.

நேசன் உழவு மிசினை மறித்துவிட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. என் கணிப்புப் பிழைத்தால் அந்த வீட்டுக்கு அடுத்த வருடச் சோறு இல்லை.

மறுநாள் வயலைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் யாழ்ப்பாணம் போய், பஸ் மாறிக் கீரிமலைக்குப் போனேன். கடலோரக் கேணியில் இறங்கியதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய பழைய மழைதான் அந்த ஊற்று; கைகூப்பிக்கொண்டேன். கரையேறியபோது முகத்தில் வாடைக்காற்று அடித்தது. முதல்நாள் வரை காற்று மேற்கிலிருந்துதான் வந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் மழை கொட்டியது. புதிதாக விதைத்திருந்தால் நெல்லை அள்ளிக்கொண்டு போயிருக்கும் வெள்ளத்தைப் பார்த்தபடி நேசன் வரம்பில் நனைந்துகொண்டு நின்றார். ரதி முற்றத்திலிருந்து கூவினாள்: "அண்ணை, உவன் வந்திட்டான்!"

நீங்கள் போவதானால் நவம்பரில் போங்கள். கையில் இரண்டு நாள் உபரியாக வைத்திருங்கள். வெள்ளம் வந்தால் பஸ் ஓடாது. குடையைவிட மழைக்கோட்டு நல்லது. கடல் கொந்தளித்தால் தீவுகளுக்குப் போகும் படகை மறந்துவிடுங்கள்.

கொழும்பில் இருந்தவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மட்டுவிலுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. படலை வரை வந்து வழியனுப்பிய நேசன் கேட்டார்: "மச்சான், உவன்ரை தங்கச்சி வாற வருசம் எண்டால், விதைக்க முதல் ஒருக்காச் சொல்லுங்கோ."

கொழும்பு வந்ததும் கடல் வெப்ப வரைபடத்தைத் திறந்தேன். இப்போதும் கிழமைக்கு ஒருமுறை பார்க்கிறேன்.