கஸ்பார் வரைந்த அமைதியான சாலைகள்

கஸ்பார் வுய்யோவுக்கு ஒரு சாலை பிடித்துவிட்டால், அதில் தன்னைத் தவிர யாருமே போவதில்லை என்று சத்தியம் செய்துவிடுவார். எங்கள் பள்ளத்தாக்கின் மூன்று ஏரிகளைச் சுற்றிப் போகும் சைக்கிள் பாதைகளை வரைந்து, வரைபடத்தின் முகப்பில் 'மனித நடமாட்டமற்ற சாலைகள்' என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அந்தச் சாலைகளில்தான் நான் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து, பாலாடைக்கட்டி ஆலைக்கு லாரி ஓட்டுகிறேன். கிஸ்லேன் மேல்காட்டிலிருந்து லாரியில் மரம் இறக்குகிறாள். நாங்களெல்லாம் மனிதர்கள்தானா என்பதில் அதுவரை எங்களுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

அவர் வேலை பார்ப்பது கீழே நகரத்தில், மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்யும் தொழிற்சாலை அலுவலகத்தில். விடியும் முன்பே கீழ்ச்சாலை வழியாகக் காரில் இறங்கிவிடுவார்; இருட்டிய பிறகே திரும்புவார். சனிக்கிழமை சைக்கிளைக் குளிப்பாட்டுவார். கழுவுவார் என்று சொன்னால் போதாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுத்து, வெயிலில் உட்கார வைப்பார். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கோயில் மணி அடித்ததும், இறுக்கமான உடையில், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கிளம்புவார்.

ஞாயிறு மதியம் எங்கள் ஊரில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருப்போம். முதல் கிண்ணத்திலிருந்து கடைசிக் காபிவரை மூன்று மணி நேரம் ஓடும். மாடுகள்கூட அந்த நேரத்தில் நிழலில் நின்று அசைபோடும். சாலை நடுவில் பூனை படுத்துக்கொள்ளும். எந்த மேசையிலும் இடமில்லாத ஒருவருக்கு உலகம் முழுக்கக் காலியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

அவரை யாரும் அழைக்காமலும் இல்லை. ஒருமுறை ஊர்த்தலைவர் வீட்டில் அழைத்தார்கள். கோழியும் காட்டுக் காளானும் மஞ்சள் ஒயினில் வெந்து வந்தன. கஸ்பார் ஒரு துண்டை மென்று விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எங்கம்மா மட்டும் இதுக்குக் குடிக்கிற மாதிரி நல்ல ஒயினா ஊத்துவாங்க" என்றாராம். தலைவரின் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரே மாதத்தில் மூன்று ஏரிகளையும் சுற்றி வந்துவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷமாக எந்த வீட்டிலும் அவருக்குத் தட்டு வைக்கவில்லை. ஒரு கோழிக்காக ஒரு மனிதனை இவ்வளவு காலம் வெளியே நிறுத்தி வைக்கத் தெரிந்த ஊர் எங்களுடையது. அவரும் எங்களுக்கு அதைச் சிரமமில்லாமல் செய்து கொடுத்தார்.

பக்கத்துப் பள்ளத்தாக்குக்குச் சைக்கிள் வரைபடம் வந்ததும் எங்கள் தலைவருக்குத் தூக்கம் போயிற்று. ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர் யார் என்று தேடினார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்திருந்த ஒரே சைக்கிள் கஸ்பாருடையது. வேலை அவரிடம் போயிற்று. பெரிய ஏரிப் பாதை, நீள ஏரிப் பாதை, துறவிகள் ஏரிப் பாதை. மூன்றுக்கும் ஒரே புகழுரை எழுதினார்: காற்றும் தண்ணீரும் தவிர வேறொன்றும் கேட்காது. மாவட்ட அலுவலகம் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் ஏரிக்கரையில் நீலப் பலகை நடுவார்கள். பலகையின் கீழ் மூலையில் 'வரைந்தவர்: கஸ்பார் வுய்யோ' என்று இருக்கும். அதை அவர் தபால் அலுவலகத்திலும் ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும் சொன்னார். மருந்துக் கடையில் இரண்டு முறை சொன்னார்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வரைபடத்தை நம்பி வந்த முதல் ஜோடி துறவிகள் ஏரி வளைவில் கிஸ்லேனின் லாரியைச் சந்தித்தது. அடி ஒன்றுமில்லை. இருவரும் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கி நின்றார்கள். கிஸ்லேன் வண்டியை நிறுத்தி, கை கொடுத்து மேலே ஏற்றினாள்.

"இந்த ரோட்டுல யாருமே வரமாட்டாங்கன்னு போட்டிருக்கே" என்றான் அந்த ஆள், வரைபடத்தை நீட்டி.

"படிச்சேன். நான் செத்துப் போயிட்டேன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது" என்றாள் கிஸ்லேன்.

புகார் தலைவரிடம் போய், தலைவரிடமிருந்து கஸ்பாரிடம் வந்தது. கஸ்பார் நம்பவில்லை. ஏதோ ஒரு நாள் தப்பு என்றார். ஆனாலும் ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை நாளில் தன் சாலையில் ஏறினார். எதிரே சரளைக்கல் வண்டி, பின்னால் நான், வளைவில் வைக்கோல் டிராக்டர், அப்புறம் கறவைக்குப் போகும் மாடுகள் அறுபது. அவரைத் தாண்டியதும் நான் கண்ணாடியில் பார்த்தேன். ஓரமாக ஒதுங்கி, தலைக்கவசத்தில் மாட்டுச் சாணத்தோடு, யாரோ தன் வீட்டுக்குள் புகுந்துவிட்ட மாதிரி எங்களை முறைத்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அதற்காக வரைபடத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. கஸ்பார் யோசித்து, சரியாக நடுப்பகலில் கிளம்பி இரண்டு மணிக்குள் துறவிகள் ஏரியைச் சுற்றி முடிப்பதாகத் திட்டம் போட்டார். வேலை நாளிலும் அந்த நேரத்தில் ஒரு லாரியும் ஓடாது, எல்லோரும் சாப்பிடுவார்கள். இருபது வருஷம் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே இருந்தவருக்கு, வருகிற அதிகாரிகளுக்கும் வயிறு இருக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை.

"பன்னெண்டு மணிக்கா?" என்றாள் மாவட்டத்திலிருந்து வந்த மதாம் லகார்த், வண்டியிலிருந்து சைக்கிளை இறக்காமலே. "அப்போ எப்ப சாப்பிடறது?"

அவள் கேட்ட விதத்தில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. கூட வந்த உயரமான ஆள் அதற்குள் ஒதீலின் உணவகப் பலகையில் அன்றைய சாப்பாடு என்ன என்று படிக்க ஆரம்பித்திருந்தான்.

ஒதீலின் உணவகத்தில்தான் நாங்களும் சாப்பிடுகிறோம். எங்கள் வண்டிகள் எல்லாம் பின்பக்கத்து முற்றத்தில் வரிசையாக நிற்கும். சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே வந்த கஸ்பார் எங்கள் நீள மேசையைப் பார்த்தார். மர லாரி, பால் லாரி, சரளைக்கல், வைக்கோல் டிராக்டர் எல்லாம் வாயில் உருளைக்கிழங்கோடு உட்கார்ந்திருந்தன. அவர் முகம் ரொட்டி மாவு நிறத்துக்குப் போயிற்று. வந்தவர்களை ஜன்னல் பக்கத்து மேசைக்கு, எங்களுக்கு முதுகு காட்டி உட்காரும்படி நகர்த்தினார்.

புகையில் வாட்டிய தொத்திறைச்சி வந்தது. ஒயின் வந்தது. மதாம் லகார்த் சாலையைப் பார்த்தாள். வெயிலைத் தவிர அதில் எதுவும் போகவில்லை.

"எவ்வளவு அமைதி பாருங்க" என்றாள். "எப்பவுமே இப்படித்தானா மெசியே வுய்யோ?"

எங்கள் மேசையில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. கஸ்பார் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது.

"எப்பவுமே" என்றார்.

கிஸ்லேன் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஆனால் மதாம் லகார்த் கடமை தெரிந்தவள். பாலாடைக்கட்டி முடிந்ததும், "சாப்பிட்டது செரிக்கட்டும், இப்ப ஏரிப் பக்கம் ஓட்டிப் பாத்துடலாம்" என்றாள். மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ள ஆரம்பித்திருந்தோம். கஸ்பார் எழுந்து எங்கள் மேசைக்கு வந்து, கடுகு விழுது ஜாடியைக் கேட்கிற பாவனையில் குனிந்தார்.

"கிஸ்லேன், ஒரு மணி நேரம்" என்றார் தணிந்த குரலில். இருவரும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. "ஒரே ஒரு மணி நேரம் வண்டிய எடுக்காதீங்க. எல்லாரும்."

"ஏன்? நாங்கதான் இல்லவே இல்லையே. இல்லாதவங்க வண்டி எடுத்தா சத்தமா கேக்கப் போகுது?"

"உனக்குப் புரியல. அது என் ரோடு."

"உன் ரோடா? நான் தெனமும் ஏறி எறங்கற ரோடு. எங்கப்பா அதுல மாடு ஓட்டினாரு. நீ எங்க வீட்டு ஜன்னல் வழியா வாரத்துக்கு ஒரு தடவ போவ. 'அதோ போறான் பாரு, சூப் ஆறுதுன்னு அர்த்தம்'னு எங்கப்பா சொல்லுவாரு. அவ்வளவுதான் உனக்கும் அந்த ரோட்டுக்கும் உள்ள உறவு."

பக்கத்திலிருந்த சரளைக்கல் பையன் சிரித்துவிட்டான். கஸ்பார் ஜாடியைக் கையில் எடுத்தார். மூடி ஜாடியில் மோதிக் கிணுகிணுத்தது. ஒரு நீலப் பலகைக்காக, அதன் மூலையில் கண்ணுக்கு எட்டாத ஒரு வரிக்காக, ஐம்பதைத் தாண்டிய மனிதர் கடுகு ஜாடியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

கிஸ்லேன் ஜாடியை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

"பாவம்னு நெனைச்சுச் செய்யறேன்னு எடுத்துக்காத" என்றாள். "பாக்கவே சகிக்கல, அதனாலதான். போ. போய் ஓட்டு." பிறகு உரக்க, "ஒதீல், எல்லாருக்கும் இன்னொரு காபி."

அவர் நகரப் போனார். அவள் விடவில்லை.

"இங்க பாரு. வர்ற ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்குச் சாப்பிட வா. இவங்களும் வருவாங்க. அந்த ரோட்டுல யார் யார் இருக்காங்கன்னு உக்காந்து பாரு. கோழியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத."

கஸ்பார் தலையை ஆட்டினார். அது சரி என்பதற்கா, சீக்கிரம் விடு என்பதற்கா, எங்களுக்குத் தெரியவில்லை.

நாங்கள் காபி குடித்தோம். மர ஆலையிலிருந்து கிஸ்லேனுக்கு இரண்டு தடவை போன் வந்தது. வண்டி மக்கர் பண்ணுகிறது என்று பொய் சொன்னாள். அந்த ஒரு மணி நேரம் துறவிகள் ஏரிச் சாலை உண்மையிலேயே அழகாக இருந்திருக்கும். ஒரு பள்ளத்தாக்கின் வேலையை நிறுத்திவைத்தால் கிடைக்கும் அழகு அது. மதாம் லகார்த் கன்னம் சிவக்கத் திரும்பி வந்து, தான் பார்த்ததிலேயே அமைதியான சாலை இதுதான், பலகை நடலாம் என்றாள். உயரமான ஆள் புளூபெர்ரிப் பணியாரம் மிச்சமிருக்கிறதா என்று கேட்டான். கஸ்பார் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நன்றி என்ற சொல்லுக்கு அவருடைய அகராதியில் நடமாட்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிஸ்லேன் வீட்டில் அவருக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். கோயில் மணி அடித்தது. சூப் வந்தது, போயிற்று. கோழி வந்தது. அவள் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணிக்கு மேல் கஸ்பார் வந்தார், சைக்கிளில். புதிதாக ஒரு நீலச் சட்டை. பின்னால் ஏழெட்டுச் சுற்றுலாக்காரர்கள், வாத்துக் குஞ்சுகள் மாதிரி. ஜன்னலுக்கு நேராக சைக்கிள்களை நிறுத்தச் சொல்லி, ஏரியைக் காட்டி எதையோ விளக்கினார். பிறகு வீட்டைக் காட்டினார். அவர்கள் எல்லோரும் திரும்பி, கோழித் துண்டும் கையுமாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்கள். ஒரு பெண் படம் எடுத்தாள்.

கிஸ்லேன் எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"கஸ்பார், தட்டு வெச்சிருக்கு."

"மன்னிச்சுக்கணும் மதாம்" என்றார் அவர், சுற்றுலாக்காரர்களுக்கும் கேட்கும்படி. ஒரே வகுப்பில் படித்தவளைப் பார்த்து மதாம் என்றார். "இன்னைக்குக் குழு இருக்கு. இனிமே ஞாயித்துக்கெழம எல்லாம் குழு இருக்கும். கொஞ்சம் ஜன்னலச் சாத்திக்கிறீங்களா? பேச்சு சத்தம் ஏரி வரைக்கும் கேக்குது."

அவள் அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். நாங்கள் எல்லோரும் கிஸ்லேனைப் பார்த்தோம். அவள் ஜன்னலைச் சாத்தவில்லை. மேசைக்கு வந்து, அந்தத் தட்டில் இருந்த தொடைத் துண்டை எடுத்து என் தட்டில் போட்டாள்.

"நாளைக்குக் காலையில நீ எத்தன மணிக்குக் கெளம்பற?" என்று கேட்டாள்.

"நாலு."

"நானும் நாலுக்கே எடுக்கறேன். அவன் வீட்டு வழியாப் போவோம்."

வெளியே குழு கிளம்பிப் போயிற்று. அவள் அப்பா எல்லோருக்கும் ஒயின் ஊற்றினார். திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாலை கறவை நேரம்வரை நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். யாரும் குரலைத் தணிக்கவில்லை.